தூக்குக்குண்டுக்கு நேரான மூக்கு

சாத்தன்மேட்டில் ஒரு வீட்டுக்கு ஒரு மூக்குதான் மணம் பிடிக்கும். அந்த ஒரு மூக்கு எதை மோந்து பார்க்கிறதோ அதையே வீட்டில் உள்ள மற்றவர்களும், எங்கே இருந்தாலும், மோந்துகொள்வார்கள். மிச்ச மூக்குகள் மூச்சு விடவும், கண்ணாடி மாட்டவும், சளி பிடிக்கவும் இருந்தன. அதற்கே அவற்றுக்கு நேரம் சரியாக இருந்தது.

எந்த மூக்கு வேலை பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. புது மருமகள் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்ததும், மாமியார் நிலைப்படியில் நின்று "இனி உன் பாடு" என்று சொல்ல வேண்டும். அந்தக் கணமே மாமியாரின் மூக்கு ஓய்வு பெற்றுவிடும். பிறகு பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பச்சை அட்டையில் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். செல்லக்கனி கல்யாணமாகி வந்த அன்று மாமியார் பேச்சியம்மாள் அந்த மூன்று சொல்லையும் சொல்லிவிட்டு விட்ட பெருமூச்சில் ஆரத்தித் தட்டில் இருந்த கற்பூரம் அணைந்துபோனது. ஆயிற்று, அதற்குப் பத்தொன்பது வருஷம்.

மணம் பிடிக்கிற மூக்கு அமைவது பெரிய பாக்கியம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். நினைக்கட்டும். காலை ஐந்து மணிக்கு எழுந்து கேஸ் கசிகிறதா, பால் திரிந்துவிட்டதா, பழைய சோறு தாங்குமா, தொட்டித் தண்ணீரில் பல்லி கிடக்கிறதா என்று வீடு முழுக்க மோந்துகொண்டே போகவேண்டும். பத்து மணிக்கு மீன்கடைப் பக்கம் போனால், வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும் மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏட்டி, அந்தச் சாளை மீன்கிட்டயே நிக்காத, தாண்டிப் போ!" என்று சுவரைப் பார்த்துக் கத்துவாள். கணவன் தவசிலிங்கம் நாலு கிலோமீட்டர் தள்ளி ரைஸ்மில்லில் மேஸ்திரி. மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன குழம்பு என்று பதினொரு மணிக்கே அங்கிருந்து போன் போட்டுக் குறை சொல்வான்.

மகள் சுபாஷினி பிளஸ் டூ படித்தாள். கெமிஸ்ட்ரி பிராக்டிகலில் ஒரு குழாயைக் கொடுத்து இது என்ன வாசனை என்று கேட்டபோது, அம்மா அந்த நேரம் பார்த்து வீட்டில் வெந்தயம் வறுத்துக்கொண்டிருந்ததால், "வெந்தயம்" என்று எழுதி வைத்துவிட்டு வந்தாள். டீச்சரும் சாத்தன்மேட்டுக்காரிதான். முழு மார்க் போட்டுவிட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்த மூக்கில் அடிபட்டது. மாவு புளித்துவிட்டதா என்று பார்க்க, பிரிட்ஜ் ஓரமாகத் தரையில் இருந்த மாவுச் சட்டிக்கு மேலே செல்லக்கனி குனிந்திருந்தாள். தவசிலிங்கம் மோர் எடுக்க வந்தான். அவனுக்கு எதையும் மெதுவாகத் திறந்து பழக்கம் இல்லை. பிரிட்ஜ் கதவின் ஓரம் வந்து அவள் மூக்கில் 'டொப்' என்று பட்டது. கண்ணில் தண்ணீர் முட்ட, மூக்கிலிருந்து ரத்தம் வந்தது.

"மாவுல விழுந்துட்டா?" என்று கேட்டுக்கொண்டே பேச்சியம்மாள் வந்தாள்.

"ரெண்டு சொட்டு, அத்தை."

"மேலாக்க எடுத்துப் போட்டுரு. அடிமாவு நல்லாத்தான் இருக்கும்."

தவசிலிங்கம், "நான் மோருக்குத்தான் தொறந்தேன்" என்று பிரிட்ஜைப் பார்த்துச் சொன்னான். மனிதன் கெட்டவன் இல்லை. தப்பு செய்துவிட்டால் பக்கத்தில் இருக்கிற பொருளிடம்தான் அவனுக்குப் பேச வரும்.

பேச்சியம்மாள் மருமகளின் தலையைப் பிடித்து அண்ணாக்கப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் முதலுதவி வகுப்புக்குப் போயிருந்த சுபாஷினி ஓடி வந்து ஆச்சியின் கையைத் தட்டிவிட்டாள். "அண்ணாந்தா ரத்தம் தொண்டைக்குள்ள போகும். நீ முன்னால குனிஞ்சு உக்காரும்மா. எலும்பை விட்டுரு, கீழ மெத்துன்னு இருக்கிற இடத்தை அமுக்கிப் பிடி. வாயால மூச்சு விடு." கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பன்னிரண்டு நிமிஷத்தில் ரத்தம் நின்றது. அன்று காலை முழுக்க அந்த வீட்டில் நாலு பேருக்கும் துருப்பிடித்த ஆணியின் வாசனை அடித்தது. தவசிலிங்கம் இரண்டு தடவை சட்டையை மாற்றிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனான்.

போகிற வழியில் கொத்தனாரிடம் சொல்லிவிட்டுப் போனான். சாத்தன்மேட்டில் மூக்கில் அடிபட்டால் முதலில் கூப்பிடுவது கொத்தனாரைத்தான். ஊரில் எது நேர், எது கோணல் என்று அடித்துச் சொல்லத் தெரிந்தவர் அவர் ஒருவர்தானே. ஆஸ்பத்திரியில் மூக்குப் பிரிவின் ஜன்னலுக்கு மேலேயே பெரிதாக எழுதிப் போட்டிருந்தார்கள்: 'கொத்தனார் சீட்டு இல்லாதவர்கள் வரிசையில் நிற்க வேண்டாம்.' சீட்டில் கோணல் என்று இருந்தால் டாக்டர் பார்ப்பார். நேர் என்று இருந்தால் வீட்டுக்குப் போய்விட வேண்டும். இதில் குழப்பமே கிடையாது.

சொரிமுத்து கொத்தனார் ஒன்பது மணிக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டார், கையைக் கழுவினார், பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்தார். செல்லக்கனியை ஸ்டூலில் உட்காரவைத்து, இரண்டு புருவத்துக்கும் நடுவில் நூலை வைத்துப் பிடித்துக் குண்டைத் தொங்கவிட்டார். பித்தளைக் குண்டு அவள் மோவாய்க்குக் கீழே சற்று ஆடி, அப்புறம் நின்றது. அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

"பல்லைக் கடிக்காத தாயி. நூலு ஆடுது."

"வலிக்குது அண்ணாச்சி."

"வலி குண்டுக்குத் தெரியாதுல்லா. ஒரு நிமிஷம் பொறுத்துக்க."

பிறகு ரசமட்டத்தை எடுத்து மூக்குக்குக் கீழே குறுக்காக வைத்துப் பார்த்தார். உள்ளே இருந்த நீர்க்குமிழி இரண்டு கோட்டுக்கும் நட்டநடுவில் வந்து உட்கார்ந்தது. கழுவினாலும் அவர் கையில் சிமெண்டு வாசம் போயிருக்கவில்லை. அடுத்த அறையில் பேச்சியம்மாளும், பள்ளிக்கூடத்தில் சுபாஷினியும், மில்லில் தவசிலிங்கமும் ஒரே நேரத்தில் தும்மினார்கள். கொத்தனார் சிமெண்டுப் பையின் காகிதத்தில் கொஞ்சம் கிழித்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, 'நேர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"வீக்கம் இருக்கத்தான் செய்யும். நாலஞ்சு நாள்ல வத்திரும். வத்துன பொறவு கோணல் தெரிஞ்சா சொல்லி விடுங்க, வாரேன்" என்றார். காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். சும்மா சொல்லக்கூடாது, அவர் சொன்னது அத்தனையும் சரிதான். சீட்டைப் பேச்சியம்மாள் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

மறுநாள் புதன்கிழமை செல்லக்கனிக்கு மூக்கின் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது. சளி அடைப்பு மாதிரி இல்லை. சிந்தினால் ஒன்றும் வரவில்லை, ஒரு பக்கம் திரும்பிப் படுத்தாலும் மறுபக்கம் திறக்கவில்லை. வாயால்தான் மூச்சு விட்டாள். மூக்கின் நடுவில் தொடங்கிய வலி நெற்றி வரைக்கும் விண்விண்ணென்று தெறித்தது. முந்தின நாளைக்கு வலி குறைய வேண்டாமா? கூடிக்கொண்டே போனது.

வீட்டில் யாருக்கும் ஒரு வாசனையும் வரவில்லை. பால் அடிப்பிடித்துத் தீய்ந்து, பாத்திரம் கரியான பிறகுதான் புகையைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். பேச்சியம்மாளுக்கு இது ஒரு லீவு மாதிரி இருந்தது. புறவாசலில் சாக்கடை ஓரமாகவே நாற்காலியைப் போட்டுக்கொண்டு காற்று வாங்கினாள். தவசிலிங்கம் மட்டும் மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்து, "சாம்பாரும் பாயசமும் ஒண்ணு மாதிரில்லா இருக்கு" என்று போனில் குறைபட்டான்.

"எனக்கு மூச்சே விட முடியலைங்க. ரெண்டு பக்கமும் அடைச்சிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்று அவள் கேட்டாள்.

"சீட்டுல நேர்னு போட்டிருக்குல்லா?"

"உள்ள வலிக்குது."

"உள்ள வலிக்கிறதுக்குச் சீட்டு கிடையாதே" என்றான். அவன் ஏமாற்றவில்லை, உண்மையைத்தான் சொன்னான்.

அவள் சாமி படத்துக்குப் பின்னால் இருந்து சீட்டை எடுத்துக்கொண்டு தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூக்குப் பிரிவில் வரிசை நீளமாக இருந்தது. இடது பக்கம் கோணினவர்களும் வலது பக்கம் கோணினவர்களும் ஒருவர் சீட்டை ஒருவர் வாங்கிப் பார்த்துச் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் இருந்த ஊழியர் அவளுடைய சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"நேர்னு இருக்கேம்மா."

"ஆமா சார். ஆனா வலி தாங்க முடியல."

"நேரா இருக்கிற மூக்கை டாக்டர் எப்படிம்மா பாப்பாங்க? கோணலானதும் வாங்க, நானே முன்னால விடுதேன்" என்று அன்பாகச் சொன்னார். அவள் திரும்பி வந்தாள். பஸ் ஸ்டாண்டு தாண்டி, மீன்கடை தாண்டி, பூக்கடை தாண்டி நடந்தாள். எதுவும் எதுவாகவும் மணக்கவில்லை.

சாயங்காலம் கண்ணாடிக்கு முன்னால் நின்று டார்ச் அடித்துப் பார்த்தாள். இரண்டு துவாரத்திலும், நடுச்சுவரை ஒட்டி, நாவல்பழம் மாதிரி ஒரு வீக்கம் பிதுங்கிக்கொண்டு நின்றது. சுண்டுவிரல் நுனியால் தொட்டால் மெத்தென்று அமுங்கியது. வியாழக்கிழமை காலையில் உடம்பும் லேசாகக் காய்ந்தது. அடுப்படியில் நின்றவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

"மோந்தா நாலு பேருக்கு. வலிச்சா எனக்கு மட்டுமா? இது என்ன நியாயம்?" என்று குக்கரைப் பார்த்துக் கேட்டாள். குக்கர் ஒரு விசில் அடித்தது.

முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பேச்சியம்மாள் அதைக் கேட்டாள். எழுந்து வந்தாள், டார்ச்சை வாங்கினாள், மருமகளின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி உள்ளே அடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு டார்ச்சை அணைத்து அடுப்பு மேடையில் வைத்தாள்.

இந்த இடத்தில் பேச்சியம்மாளின் மூக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது நுனியில் மேடாகவும், நடுவில் பள்ளமாகவும் இருக்கும். கண்ணாடி போட்டால் தானாக வழுக்கி அந்தப் பள்ளத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறவியிலேயே அப்படித்தான் என்று செல்லக்கனி பத்தொன்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். பெண் பார்க்க வந்த அன்றே பார்த்துவிட்டு, நமக்குப் பிறக்கிற பிள்ளைக்கு இந்த மூக்கு வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டும் இருந்தாள்.

"எனக்கும் இப்படித்தான் ரெண்டு பக்கமும் பழுத்துப்போய் நின்னுச்சு" என்றாள் பேச்சியம்மாள். "சொரிமுத்து அப்பன்தான் அன்னைக்குக் கொத்தன். குண்டு கட்டிப் பாத்தாரு. நேர்னு எழுதிக் குடுத்தாரு. நேராத்தான் இருந்துச்சு. ஒரு மாசம் கழிச்சு நடுவுல உக்காந்துட்டு."

"எப்படி அத்தை அடிபட்டுது?"

"உங்க மாமா கதவைத் தொறந்தாரு. அப்போ பிரிட்ஜ் கிடையாது. அலமாரிக் கதவு."

"ஆஸ்பத்திரியில காட்டலையா?"

"நேர்னு எழுதுன மூக்கை எவன் பாப்பான்?" பேச்சியம்மாள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துவிட்டு, ஏதோ செல்லக்கனிதான் அழவைத்த மாதிரி அவள்மேல் எரிந்து விழுந்தாள். "என்னட்டி பாத்துக்கிட்டு நிக்க? போய்ச் சேலைய மாத்து. அடுப்பை அணை. அந்தச் சீட்டை எடு."

சொரிமுத்து கொத்தனார் அன்று புதுத் தெருவில் ஒரு வீட்டுக்குச் சுவர் பூசிக்கொண்டிருந்தார். வெயில் ஏறியிருந்தது. பேச்சியம்மாள் சாரத்துக்குக் கீழே போய் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"ஏ சொரிமுத்து, இந்தச் சொவரு நேரா இருக்கா?"

"குண்டு கட்டிப் பாத்தாச்சு, பெரியம்மா. மயிரிழை பிசகாது."

"சரி. நேரா நிக்கிற சொவத்துக்குள்ள தண்ணி எறங்கி, ரெண்டு பக்கமும் பூச்சு உப்பிக்கிட்டு வந்தா அதுக்கு என்ன பேரு?"

"ஓதம்."

"என்ன செய்வ? நாலஞ்சு நாள் பாப்பமா?"

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். இதைப் போய் ஒரு கேள்வி என்று கேட்கிறார்களே என்று அவருக்கு இருந்தது. "ஓதத்துக்கு நாள் பாக்கப்படாது பெரியம்மா. கண்ட அன்னைக்கே பூச்சைக் கீறித் தண்ணிய எறக்கிரணும். விட்டா உள்ள இருக்கிற செங்கல்லு இத்துப்போயி, சொவரு நேரா நின்ன மேனிக்கே உக்காந்திரும்."

"அப்போ எறங்கி வந்து இவ மூக்குக்குள்ள பாரு."

அவர் இறங்கி வந்தார். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பேச்சியம்மாள் டார்ச்சைப் பிடிக்க, முதலில் வலது பக்கம், அப்புறம் இடது பக்கம், குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பி, பேச்சியம்மாளின் மூக்கையும் ஒரு தடவை பார்த்தார். அவர் முகம் சுருங்கிப்போனது.

"குண்டு வெளியத்தான தொங்கும், பெரியம்மா" என்றார்.

"உன்னைக் குத்தம் சொல்ல வரல. சீட்டை மாத்திக் குடு."

"எழுதுனதை அழிக்க முடியாதே. நேர்ங்கிறது நேர்தான்." கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தச் சிமெண்டுக் காகிதத்தை வாங்கி, 'நேர்' என்பதற்குக் கீழே 'ஓதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாத்தன்மேட்டு மூக்கு ஒன்றுக்கு அப்படி எழுதுவது அதுதான் முதல் தடவை. நாக்கை நீட்டி எச்சில் தொட்டுத் தேதியையும் போட்டார்.

ஜன்னல் ஊழியர் சீட்டை வாங்கிப் படித்தார். கோணல் வரிசையைப் பார்த்தார், வெளியே போகும் வாசலைப் பார்த்தார். ஓதத்துக்கு எந்த வரிசை என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் மனுஷன் நல்லவர், எழுந்து வந்து சாக்பீஸால் தரையில் புதிதாக ஒரு கோடு போட்டு, அதன் தலைமாட்டில் செல்லக்கனியை நிற்கவைத்து, முதல் டோக்கனைக் கொடுத்தார். வரிசை சின்னதாக இருக்கிறதே என்று கோணல் வரிசையிலிருந்து நாலு பேர் வந்து அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள்.

டாக்டர் நிலோஃபர் நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே பார்த்தார். பஞ்சு சுற்றிய குச்சியால் வீக்கத்தை மெல்லத் தொட்டு அமுக்கினார். செல்லக்கனி நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எப்போ அடிபட்டுச்சு?"

"செவ்வாய்க்கிழமை காலையில, டாக்டர்."

"இன்னைக்கு வியாழன்." டாக்டர் விளக்கை மேலே தள்ளிவிட்டு இரண்டு பேரையும் பார்த்தார். அவருக்குச் சட்டென்று கோபம் வரும் என்று ஊரில் பெயர். "தண்ணி மாதிரி ஏதாவது வடிஞ்சுதா? வாந்தி, மயக்கம், பார்வை ரெண்டா தெரியறது?"

"இல்ல டாக்டர்."

"ரத்தம் எவ்வளவு நேரத்துல நின்னுது?"

"பன்னெண்டு நிமிஷம்."

"நல்லவேளை. கால் மணி, இருபது நிமிஷம்னு அமுக்கிப் பிடிச்சும் நிக்கலைன்னாலோ, தெளிஞ்ச தண்ணியா வடிஞ்சாலோ அப்பவே ஓடி வந்திருக்கணும். இதுவும் அந்த மாதிரிதான். கோணல் காத்துக்கிட்டு இருக்கும்மா. வீக்கம் வத்தினதும் ஒரு வாரத்துக்குள்ள வந்தாக்கூட நேராக்கிரலாம். இது காத்துக்கிட்டு இருக்காது. நடுச்சுவர்ல ரத்தம் கட்டி நிக்குது. சீழ் வச்சா உள்ள இருக்கிற குருத்தெலும்பு கரைஞ்சு போயிரும். இதுக்குச் சீட்டு எதுக்கு? ரெண்டு பக்கமும் அடைச்சு வலி கூடுதுன்னா, அதுதான் சீட்டு!"

"அது ஜன்னல்ல செல்லாது, டாக்டர்" என்றாள் பேச்சியம்மாள். டாக்டர் திரும்பி அவளுடைய மூக்கைப் பார்த்தார். அதற்கப்புறம் திட்டவில்லை.

மரத்துப்போக மருந்து வைத்து, சின்னதாக ஒரு கீறல் போட்டார்கள். கறுத்த ரத்தம் வெளியே வந்தது. அதற்குப் பின்னால், இரண்டு நாளாக நுழைய வழியில்லாமல் நின்றுகொண்டிருந்த வாசனைகள் வந்த வரிசைப்படியே உள்ளே போயின. முதலில் புதன்கிழமை காலை டீ. அடுத்து கடுகு தாளிசம். அடுத்து அடிப்பிடித்த பால். அப்புறம் மீன்கடை, அப்புறம் பூக்கடை, கொத்தனாரின் ஈரச் சிமெண்டு. நர்ஸ் வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். ரைஸ்மில்லில் தவசிலிங்கம் மூட்டை எண்ணுவதை நிறுத்திவிட்டு, "எங்க வீட்டுல நேத்துப் பால் தீய்ஞ்சிருக்கு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னான்.

டாக்டர் இரண்டு பக்கமும் பஞ்சுத்திரியை வைத்து அடைத்தார். மூன்று நாள் கழித்து எடுக்க வரவேண்டும், மாத்திரையை நேரம் தவறாமல் போட வேண்டும், மூக்கைச் சிந்தக் கூடாது, அதுவரைக்கும் இந்த மூக்கு எதையும் மோந்து பார்க்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். "மூக்கு உக்காராது. தைரியமா இரு" என்றும் சொன்னார். செல்லக்கனி அதைக் கேட்டதும் விசும்பி விசும்பி அழுதாள். மூக்கைச் சிந்தக் கூடாது என்பதால் அழுவதற்குக் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

பேச்சியம்மாள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு ஆஸ்பத்திரி வாசற்படியில் நின்று, யாரும் கேட்காமலே, "சரி, இனி என் பாடு" என்றாள். பத்தொன்பது வருஷம் கழித்து அவளுடைய மூக்கு வேலைக்குத் திரும்பியது. பள்ளம் விழுந்த மூக்கானதால் மூச்சை இழுக்கும்போது சின்னதாக ஒரு விசில் சத்தம் வந்தது. நேராக வீட்டுக்குப் போகாமல், வாசலில் இருந்த பூக்காரியின் கூடைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு மத்தியானம் மில்லில் தவசிலிங்கத்துக்கு அரைமணி நேரம் பிச்சிப்பூ வாசனை வந்துகொண்டே இருந்தது.

சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தான். கட்டிலில் சாய்ந்திருந்த மனைவியின் மூக்கில் பஞ்சைப் பார்த்தான். கதவைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான், கையில் இருந்த சைக்கிள் சாவியைப் பார்த்தான். ஒவ்வொன்றிடமும் ஏதோ சொல்லப் போகிறவன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினான். கடைசியில் அவள் முகத்தையே பார்த்து, "ரொம்ப வலிக்குதா, கனி?" என்று கேட்டான்.

கேட்டதும் பாதி வலி அவனுக்குப் போய்விட்டது. அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. செல்லக்கனிக்கு நெற்றி லேசானது. அவள் தலையணையைச் சரிசெய்துகொண்டாள்.

டியூஷன் முடிந்து வந்த சுபாஷினி பையைக்கூட இறக்காமல், "அம்மா, வலிக்குதாம்மா?" என்று கேட்டு, மிச்சத்தில் பாதியை வாங்கிக்கொண்டாள். அவள் அதைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தாள். கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்த பேச்சியம்மாள், "இப்போ எப்படிட்டி இருக்கு வலி?" என்று கேட்டு, தன் பங்கை வாங்கி, மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குத் திருப்தி இல்லை.

"வீட்டுக்கு மூத்தவ நான். எனக்கு இம்புட்டுதானா?"

"முதல்ல கேட்டது நான்லா" என்றான் தவசிலிங்கம், மூக்கைப் பொத்தியபடி.

"பெரிய துண்டா எடுத்து வச்சுக்கிட்டு, பேச்சைப் பாரு! வேலைக்குப் போற ஆளு, உனக்கு எதுக்குல அவ்வளவு?" என்று சத்தம் போட்டு, அவனிடமிருந்து கொஞ்சம் வாங்கித் தனியாக எடுத்து வைத்தாள். செல்லக்கனிக்கு நெல்மணி அளவுக்குத்தான் மிஞ்சியிருந்தது. அவள் அதோடு வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டு, செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் காலையில் பேச்சியம்மாள் தனியாக எடுத்து வைத்ததை ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, மேலே தட்டு மூடி, எதிர்வீட்டு எஸ்தருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வீட்டில் எது வந்தாலும் எஸ்தருக்கு ஒரு கிண்ணம் போகும். இதை மட்டும் கொடுக்காமல் விட்டால் மனசு சங்கடப்படுவாள் அல்லவா. எஸ்தர் வாசலிலேயே வாங்கிப் பார்த்து, "ஐயோ, எதுக்கு இவ்வளவு? ரெண்டு பேருக்கு இதுல பாதி போதுமே" என்று சொல்லிவிட்டு உள்ளே கொண்டுபோனாள்.

மத்தியானம் கிண்ணம் திரும்பி வந்தது. கிண்ணத்தைச் சும்மா திருப்பிக் கொடுக்கிற பழக்கம் அந்தத் தெருவிலேயே கிடையாது. எஸ்தர் அதைக் கழுவித் துடைத்து, தன்னுடைய இடது முழங்கால் வலியில் கொஞ்சம் வைத்து அனுப்பியிருந்தாள். செல்லக்கனி வாங்கிப் பார்த்தாள். அளவாகத்தான் இருந்தது. சாயங்காலத்துக்கு ஆகும் என்று மூடி வைத்தாள்.